கேட்டுக்கு வெளியே தீட்டிய கத்தி

1

போலீஸ் என் கத்தியை எடுத்துக்கொண்டு போய் இந்த வாரத்தோடு ஒரு வருஷம் ஆகிறது.

பெரிய கத்தி இல்லை. வெங்காயம் நறுக்குகிற கத்தி. இந்த ஊர்க் கடையில் வாங்கியது. கறுப்புப் பிளாஸ்டிக் பிடி. ஊரிலிருந்து கொண்டுவந்த சாமான் என்று சொல்லி அழுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. போனால் போகிறது. அதோடு சேர்ந்து வேறொன்றும் போனது. அதைத்தான் எழுதுகிறேன்.

எங்களுக்கு ஆமத்தூர்ப் பக்கம். நான் எட்டாவது வரை படித்தவள். பேர் செல்வி. இவர், என் வீட்டுக்காரர், விருதுநகரில் பரோட்டா மாஸ்டராக இருந்தார். எண்ணெயில் பொரித்து எடுக்கிற பரோட்டா. அந்தக் கையைப் பார்த்து ஒருத்தர் இங்கிலாந்துக்குக் கூட்டிவந்தார். பிறகு நானும் மகள் பவித்ராவும் வந்தோம். அவள் அப்போது ரெண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு மேல்படிப்புக்கு வேறு ஊருக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஊரில் இருந்து போன் பண்ணுகிறவர்கள் மூணு கேள்வி கேட்பார்கள். அங்கன குளிருமா. அங்கன அரிசி கிடைக்குமா. எப்ப வர்றீக. குளிரும். கிடைக்கும். தெரியாது. பத்து வருஷத்துக்கு மேலாக இதே பதில்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாள் முழுக்க என்ன செய்கிறாய் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. சமைப்பேன். துணியைத் துவைத்து ஹீட்டர் மேல் காயப்போடுவேன். ஜன்னல் வழியாக மழையைப் பார்ப்பேன். இவர் மத்தியானம் போனால் ராத்திரி வருவார். பவித்ரா வந்தால் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்துவாள்.

2

கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் நான் வெடிக் கம்பெனிக்குத்தான் போனேன். காலையில் கம்பெனி பஸ் ஊருக்குள் வரும். தூக்குவாளியோடு ஏறுவோம். எனக்குத் திரி வெட்டுகிற வேலை. கட்டுக்கட்டாகத் திரியை வைத்து ஒரே அளவாக வெட்ட வேண்டும்.

உள்ளே இரும்புக்கு இடம் கிடையாது. இரும்பு உரசினால் பொறி வரும். அதனால் எங்களுக்குப் பித்தளைக் கத்தி. பித்தளை சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய கத்தியால் வெட்டினால் திரி நசுங்கும், உள்ளே இருக்கிற மருந்து உதிரும். மருந்து என்று நாங்கள் சொல்வது வெடி மருந்தை. அதனால் கத்தியை அடிக்கடி தீட்டியே ஆக வேண்டும்.

தீட்டுவதற்கு ஒரு சட்டம் இருந்தது. ரூமுக்குள் தீட்டக்கூடாது. ரூம் வாசலில் தீட்டக்கூடாது. வேப்ப மரத்தடியில்கூடக் கூடாது. கம்பெனி கேட்டுக்கு வெளியே போக வேண்டும். அங்கே ஆலங்குளம் சிமெண்டில் பூசிய ஒரு படி உண்டு. அதில் தண்ணீரை ஊற்றி நனைத்துவிட்டுத்தான் கத்தியை வைக்க வேண்டும். காய்ந்த கல்லில் தீட்டினால் ஃபோர்மேன் போடுகிற சத்தம் அடுத்த கம்பெனிக்குக் கேட்கும். படி தேய்ந்து வழுக்கலானதும் ஓட்டுச் சில்லில் தீட்டினோம். செங்கல்லில் தீட்டினோம். உடைந்த பீங்கான் தட்டின் அடியில் தீட்டினோம். பீங்கான்தான் நல்லது. அடியில் மினுக்கு இல்லாமல் சொரசொரவென்று ஒரு வட்டம் இருக்கும். அதில் லேசாகச் சாய்த்து இழுத்தால் போதும்.

பித்தளையில் பொறி வராது என்று சிலர் சொல்வார்கள். கல்லில் இருந்து வருமே. யார் போய்ச் சோதித்துப் பார்ப்பது? ஒரு கம்பெனியில் ஒருத்தன் மழை என்று சொல்லி உள்ளேயே உட்கார்ந்து தீட்டினான் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அதற்கு மேல் யாரும் அந்தக் கதையைச் சொன்னதில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை.

செருப்புக்கும் சட்டம் உண்டு. வேலை நேரத்தில் வெறுங்கால்தான். உடம்பில் ஏறுகிற கரண்ட் தரையில் இறங்க வேண்டும் என்பார்கள். இன்னொன்று, கையில் இருக்கிற எதையும் கீழே போடக்கூடாது. குனிந்து வைக்க வேண்டும். டப்பா ஆனாலும் சரி, கத்தி ஆனாலும் சரி. போடுகிற பழக்கம் இருந்தால் அந்தப் பெண்ணை முதல் வாரமே லேபிள் ஒட்ட அனுப்பிவிடுவார்கள்.

கத்தி தீட்டப் போவது ஒன்றுதான் எங்களுக்கு வெளிக்காற்று. பேச்சியம்மா மதினியும் நானும் ஒன்றாகத்தான் போவோம். எங்கள் தெருக்காரர். என்னைவிட மூத்தவர். கத்தி மழுங்காவிட்டாலும் மழுங்கிவிட்டது என்பார்.

"ஏ செல்வி, வா, கத்திக்கு மூச்சு முட்டுது."

"இப்பத்தானே மதினி தீட்டுனோம்?"

"கத்திக்கு இல்லட்டி, எனக்கு."

அப்படி எங்கள் கைக்கும் காலுக்கும் ஒன்று ஏறிவிட்டது. கத்தி மழுங்கினால் எழுந்திரு. காலில் செருப்பு இருந்தால் கழற்று. தண்ணீர் எடு. கேட்டைத் தாண்டு. உட்கார். யோசித்துச் செய்கிற காரியம் இல்லை இது. தும்மல் வந்தால் கை மூக்குக்குப் போகிற மாதிரி.

3

போன வருஷம் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் வேலை. பவித்ரா படித்த பள்ளிக்கூடத்தின் சமையற்கட்டில், காய் நறுக்குகிற வேலை. அங்கே பெருக்குகிற ஒரு பஞ்சாபி அம்மா சொல்லித்தான் போனேன். சமையற்கட்டு மேனேஜர் சிவப்பு முடிக்காரி. பேச்சு அதிகம் இல்லை. ஒரு கூடை காரட்டை முன்னால் தள்ளினாள். நறுக்கினேன். ஒரு துண்டை எடுத்தாள், இன்னொரு துண்டை எடுத்தாள், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சிரித்தாள். காரட்டுக்குப் பாஷை தேவை இல்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றவள், என் பஸ் வந்து போனதைக்கூடக் கவனிக்கவில்லை. சந்தோஷத்தில் அப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது.

வீட்டில் சொன்னேன். இவர் சாப்பிட்டுக்கொண்டே, "போயிட்டு வா, வீட்ல ஒக்காந்து ஜன்னலைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கறதுக்கு" என்றார். பவித்ரா சாப்பாட்டில் இருந்து கையை எடுத்துவிட்டாள்.

"என் ஸ்கூல்லயா?"

"அங்கனதான் ஆள் கேட்டாக."

"வேற ஸ்கூலே இல்லையாம்மா? எல்லாரும் பார்ப்பாங்க."

"பாக்கட்டும். சோறுதானே போடப்போறேன்."

"தலையில வலை போட்டுட்டு நிப்ப. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் உன்கிட்ட தட்டை நீட்டுவாங்க."

"கம்பெனியில துண்டைக் கட்டிக்கிட்டு நின்னேன். அதுக்கு வலை எம்புட்டோ தேவலை."

"உனக்குப் புரியாதும்மா."

மாடிக் கதவு சாத்திக்கொண்டது. எனக்குப் புரிந்தது. அவளுக்கு அது கடைசி வருஷம். ஒரு வருஷம்தானே, பொறுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். நான் வேலைக்குப் போகவேண்டும் என்று அத்தனை ஆசை எனக்கு. ஒரு பஸ் அட்டை வேண்டும், ஒரு ஏப்ரன் வேண்டும், காலையில் யாராவது என் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அம்புட்டுதான்.

வேலை ஆரம்பிக்க ஒரு வாரம் இருந்தது. கை வேகம் போயிருக்குமே என்று வீட்டில் நறுக்கிப் பழகினேன். காரட், முட்டைக்கோஸ், காரட். மூணு வேளையும் அதையே சாப்பிட்டோம். "முயல் கூட்டம் ஆயிட்டோம்" என்றார் இவர். சனிக்கிழமை மத்தியானம் கத்தி மழுங்கிவிட்டது.

எழுந்தேன். இவருடைய டீக் கோப்பையை எடுத்தேன். அதன் அடியில் அந்தச் சொரசொர வட்டம் இருந்தது. ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்தேன். வாசல் நிலையில் செருப்பைக் கழற்றினேன். எங்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு குட்டைக் கேட் உண்டு. அதைத் தாண்டினேன். அதற்கு அந்தப் பக்கம் தெரு. நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தேன். கோப்பையைக் கவிழ்த்தேன். தண்ணீர் விட்டேன். தீட்டினேன்.

அதற்கு முன்பு ஏன் போகவில்லை என்று கேட்கலாம். முன்பெல்லாம் பின்கட்டு இருக்கிற வீட்டில் இருந்தோம். அங்கே பின்பக்கக் கேட்டைத் தாண்டினால் குப்பைத் தொட்டிச் சந்து. யாரும் பார்த்ததில்லை. இந்த வீட்டுக்கு வந்து அப்போது கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. இங்கே பின்கட்டு இல்லை.

நல்ல வெயில் அன்றைக்கு. தரை குளிர்ந்திருந்தது, முதுகில் சூடு இருந்தது. கத்தி கோப்பையில் ஓடுகிற சத்தம் சர் சர் என்று வந்தது. எதிர்வீட்டுத் திரை ஆடியதைப் பார்த்தேன். கை ஆட்டினேன். கத்தி இருந்த கை என்று அப்போது நினைக்கவில்லை.

4

தீட்டி முடித்து, பேப்பரில் துடைத்து, நகத்தில் வைத்துக் கூர் பார்த்துக்கொண்டிருந்தேன். கார் வந்து நின்றது. ஒரு ஆண் போலீஸ், ஒரு பெண் போலீஸ். கொஞ்ச தூரத்திலேயே நின்றுகொண்டார்கள். என்னிடம்தான் வந்திருக்கிறார்கள் என்று தெரிய நேரம் பிடித்தது. எழுந்து நின்றேன். மரியாதைக்காக எழுந்தேன். கத்தி கையில் இருந்தது.

அந்தப் பெண் சத்தம் போட்டாள். "டிராப் இட்! டிராப் இட்!"

அது எனக்குப் புரிந்தது. கீழே போடு என்கிறாள். ஆனால் நான் போடவில்லை. கத்தியைக் கீழே போட என் கைக்குத் தெரியாது. சிமெண்ட்டுத் தரை. இரும்பு. மெதுவாகக் குனிந்தேன். குனியக் குனிய அவர்கள் சத்தம் ஏறியது. அந்த ஆணின் கை இடுப்புக்குப் போனது. நான் கத்தியைத் தரையில் வைத்தேன். சத்தம் வராமல் வைத்தேன். நிமிர்ந்தேன். அதற்குள் அவர் என் கையைப் பின்னால் பிடித்துவிட்டார்.

பவித்ரா காதில் மாட்டிய வயரோடு ஓடிவந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. "அம்மா! என்ன பண்ற? என்ன பண்ற?"

"கத்தி தீட்டுனேன்."

"வெளியே வந்தா?"

"உள்ள எப்படித் தீட்டுறது? சொல்லு அவங்ககிட்ட. வெடிக் கம்பெனியில இருந்தவ, கத்தியை உள்ள தீட்ட மாட்டா, கேட்டுக்கு வெளியதான் தீட்டுவான்னு சொல்லு."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் சொன்னாள். "பைத்தியமாம்மா உனக்கு? வெடின்னு நான் சொன்னா என்ன நினைப்பாங்க தெரியுமா? கையில கத்தி, வாயில வெடி. நம்ம மூஞ்சியைப் பாரு. சும்மா இரு. நான் பேசிக்கிறேன்."

பேசினாள். வேகமாகப் பேசினாள். எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. ஆனால் போலீசின் குரல் மாறியது தெரிந்தது. அதட்டல் போய்விட்டது. அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, பெரிய சிரிப்போடு பேசினாள். கைப்பிள்ளையிடம் பேசுகிற மாதிரி. என் காலைக் காட்டி அந்த ஆணிடம் ஏதோ சொன்னாள். அவர் போய் நிலையில் கிடந்த செருப்பை எடுத்துவந்தார். குனிந்து என் காலில் மாட்டிவிட்டார். போலீஸ்காரர் என் காலில் செருப்பு மாட்டினார். ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள். அதட்டினபோது எனக்கு வராத பயம் அப்போது வந்தது.

கத்தியை ஒரு பிளாஸ்டிக் குழாயில் போட்டு எடுத்துப் போனார்கள். கோப்பையை விட்டுவிட்டார்கள்.

கதவைச் சாத்தியதும் கேட்டேன். "என்ன சொன்ன?"

அவள் தண்ணீர் குடித்தாள். "உனக்கு மறதின்னு சொன்னேன். எங்க இருக்கோம்னு சில நேரம் நீ மறந்துருவன்னு சொன்னேன். செருப்பு இல்லாம வேற நின்னியா, உடனே நம்பிட்டாங்க."

"எனக்கு மறதியா?"

"உன்னைக் காப்பாத்தினேன்ம்மா. ஜெயிலுக்குப் போயிருப்ப."

இருக்கலாம். இன்றைக்கு வரைக்கும் அவள் சொன்னது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

5

அன்றைக்கு இவர் வந்ததும் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். பிறகு சொன்னார், "இனிமே யார் கேட்டாலும் வெடின்னு வாயைத் தெறக்காத. நம்ம விசாப் பேப்பரெல்லாம் போயிரும். மறதின்னா மறதின்னே இருக்கட்டும்."

இருக்கட்டும் என்றால் அது இருந்துவிடும். இந்த நாட்டில் வாயில் சொன்னது வாயோடு போவதில்லை. போலீஸ் சொல்லி, நாலு நாளில் அரசாங்க ஆபீசில் இருந்து ஒரு பெண் வந்தாள். கழுத்தில் அட்டை. அடுப்பைப் பார்த்தாள், கேஸை மூடத் தெரியுமா என்று மூடிக் காட்டச் சொன்னாள். கத்திகள் எங்கே வைத்திருக்கிறோம் என்று கேட்டாள். மாடிப்படியில் என்னைக் கைபிடித்து ஏற்றினாள். எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை.

பள்ளிக்கூடத்துக்கும் தெரிந்துவிட்டது. வேலைக்கு முன்னால் போலீஸ் பேப்பர், உடம்புப் பேப்பர் எல்லாம் கேட்பார்கள். அதில் வந்திருக்கும். இல்லை எதிர்வீட்டுக்காரர் சொல்லியிருப்பார், அவர் பேத்தியும் அங்கேதான் படிக்கிறாள். எப்படியோ வந்தது. சிவப்பு முடிக்காரி போன் பண்ணினாள். பவித்ராதான் பேசினாள். டாக்டர் லெட்டர் வரும்வரை வேலை நிற்கும், லெட்டர் வந்தால் சேர்த்துக்கொள்வார்கள் என்று எனக்குச் சொன்னாள்.

டாக்டரிடம் தேதி கிடைக்க ஐப்பசி ஆகிவிட்டது. மகளை மொழிபெயர்க்க விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நல்ல சட்டம். போலீஸ் வந்த அன்றைக்கு அந்தச் சட்டம் லீவில் இருந்தது போல. மேசைமேல் ஒரு போனை வைத்தார்கள். அதற்குள் இருந்து ஒரு தம்பி பேசினார். யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"அக்கா, டொக்டர் மூண்டு சொல்லுச் சொல்லுவார். ஞாபகத்தில வைச்சிருங்கோ. கதவு, குதிரை, பூ."

"சரி தம்பி."

"இண்டைக்கு என்ன கிழமை?"

சொன்னேன். தமிழ்த் தேதியும் சேர்த்துச் சொன்னேன். எங்கள் வீட்டுச் சுவரில் சிவகாசி நாள்காட்டி தொங்குகிறது. தினமும் தாளைக் கிழிப்பது நான்தான்.

"இப்ப என்ன காலம் எண்டு கேக்கிறார்."

"சீசன் முடியப்போற காலம்."

"அப்பிடி எண்டால்?"

எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. எங்களுக்கு வருஷத்தில் காலம் ரெண்டுதான். தீபாவளிச் சீசன், சீசன் இல்லாத காலம். வெடியைச் சொல்லக்கூடாதே. "தெரியலை தம்பி" என்றேன். டாக்டர் எழுதிக்கொண்டார்.

"இந்த நாட்டுப் பிரதமர் ஆர்?"

"தெரியாது. ஊர்ல யாருன்னு கேட்டாச் சொல்லுவேன்."

அதையும் எழுதிக்கொண்டார். கடிகாரம் வரையச் சொன்னார். வரைந்தேன். மூணு சொல்லைக் கேட்டார். கதவு, குதிரை, பூ. கடைசியில் ஒரு தாளைத் தள்ளி, ஏதாவது ஒரு வரி எழுதச் சொன்னார். உங்கள் பாஷையில் எழுதலாம் என்றார்.

எழுதினேன். 'கத்தியைக் கேட்டுக்கு வெளியேதான் தீட்ட வேண்டும்.'

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. போனில் இருந்த தம்பிக்குத் தாள் தெரியாது. "எழுதிட்டீங்களோ அக்கா?" என்று அவர் கேட்டார். "எழுதிட்டேன்" என்றேன். டாக்டர் தாளைப் பார்த்துத் தலையாட்டி, ஒரு டிக் போட்டார்.

6

நவம்பரில் இங்கே ஒரு நாள் எல்லாரும் வெடி போடுவார்கள். பழைய ராஜா காலத்துக் கதை ஏதோ. சாயங்காலமே இருட்டிவிடும். எதிர்வீட்டுக்காரர் நடுத்தெருவில் ஒரு பெட்டியை வைத்து வாணம் விட்டார். பேத்தி கை தட்டினாள். காற்றில் மருந்து வாசம் எங்கள் வீட்டுக்குள் வந்தது. அவர் காய்ந்த தார் ரோட்டில் பெட்டியைத் தரதரவென்று இழுத்துத்தான் வைத்தார். பூட்ஸ் காலோடு நின்றார். போகாத வாணத்தைக் குனிந்து எட்டிப் பார்த்தார். யாரும் போலீசைக் கூப்பிடவில்லை. என்னை ஜன்னலில் பார்த்துக் கை ஆட்டினார். மெதுவாக ஆட்டினார். மறதிக்காரிக்கு ஆட்டுகிற மாதிரி.

அந்த வாரம்தான் டாக்டர் லெட்டர் வந்தது. பவித்ரா படித்துச் சொன்னாள். மறதி எதுவும் இல்லை, கவலைப்பட ஒன்றும் இல்லை. அன்றைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணச் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டாள். சிவப்பு முடிக்காரி 'சாரி' என்றாள். ரொம்ப நேரம் ஏதோ சொல்லி மறுபடி 'சாரி' என்றாள். இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்களாம். எத்தனை நாள் காலியாக வைத்திருப்பார்கள்? அவர்கள் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டுமே.

போனை வைத்துவிட்டுப் பவித்ரா, "சாரிம்மா" என்றாள். ஒரே வீட்டில் ஒரே நாளில் அந்தச் சொல் மூணாவது தடவை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. சாப்பிட்டாள். தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் சோறு போடும்மா" என்றாள். நான் வேலை கிடைத்ததாகச் சொன்ன நாளிலிருந்து அவள் ரெண்டாம் தடவை சோறு கேட்டதில்லை. போட்டேன். வேண்டுமென்றே மறதி என்று சொன்னாளா? இல்லை. அந்த நிமிஷத்தில் அவளுக்கு அம்மா ஜெயிலுக்குப் போகக்கூடாது, அம்புட்டுதான். அது எனக்குத் தெரியும். வேலை போன அன்றைக்கு நீண்ட அந்தத் தட்டையும் நான் பார்த்தேன். ரெண்டும் உண்மை. ரெண்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

பேச்சியம்மா மதினிக்கு வீடியோவில் சொன்னேன். அவர் கம்பெனியை விட்டு நின்று வீட்டோடு இருக்கிறார். இருக்கன்குடி கோயிலுக்குப் போய்விட்டு வந்து நெற்றி நிறையத் திருநீறோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏட்டி, கத்தி தீட்டுனதுக்கா போலீசு?"

"ஆமா மதினி."

"அப்ப அம்மி கொத்துனா தூக்குல போடுவாகளோ?"

ரெண்டு பேரும் சிரித்தோம். சிரித்துவிட்டு அவர் கேட்டார், "கேட்டுக்கு வெளியதானே ஒக்காந்து தீட்டுன?"

"ஆமா."

"தண்ணி விட்டியா?"

"விட்டேன்."

"செருப்பு?"

"கழட்டிட்டேன்."

"பெறகு என்னட்டி கேடு வந்துச்சு அவங்களுக்கு?"

எல்லாம் சரியாகச் செய்தேன் என்று இந்த உலகத்தில் ஒரே ஒருத்தர் சொன்னார். அவர் இருந்தது ஆமத்தூரில்.

7

இவர் ஒரு கத்தி தீட்டுகிற சாமான் வாங்கிவந்தார். பிளாஸ்டிக்கில் ரெண்டு ஓட்டை. கத்தியை உள்ளே விட்டு இழுக்க வேண்டும். கர்ரென்று ஒரு சத்தம். உலர்ந்த இரும்பும் உலர்ந்த இரும்பும் உரசுகிற சத்தம். எனக்கு முதுகில் மயிர் நிற்கும். "இதுல என்ன கொறை?" என்றார். "கொறை இல்லை" என்றேன். டிராயரில் கிடக்கிறது.

தெருவுக்குப் போவதில்லை. இந்த ஒரு வருஷமாகப் பெரும்பாலும் மழுங்கின கத்திதான். தக்காளி நசுங்குகிறது. நசுங்கினாலும் குழம்புக்குத்தானே போகிறது. ரொம்ப முடியாதபோது, யாரும் இல்லாத நேரம் பார்த்து, சமையற்கட்டில் நின்றே கோப்பையில் தீட்டுவேன். குழாயைத் திறந்துவிட்டு, அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்துவைத்து. அப்படியும் கை கூசும். வீட்டுக்குள் எச்சில் துப்பின மாதிரி இருக்கும்.

இன்றைக்குச் சாயங்காலம் பவித்ரா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். ரெண்டு தட்டு, ஒரு சட்டி, குக்கர் கூட எடுத்துவைத்தாள். ஹாஸ்டலில் தானே சமைத்துக்கொள்ள வேண்டும். டிராயரில் இருந்து ஒரு கத்தியை எடுத்து விரலில் தடவிப் பார்த்தாள்.

"இது வெட்டவே வெட்டாதும்மா. கொஞ்சம் தீட்டித் தாயேன்."

"அப்பா வாங்குன சாமான் உள்ள கிடக்கு. இழுத்துக்கோ."

"அது நல்லா வராது. நீ கப்புல தீட்டினா நல்லா இருக்கும். ஆனா இங்கேயே தீட்டு, என்ன? வெளியே எல்லாம் போகாத."

போகவில்லை. கோப்பையைக் கவிழ்த்தேன். அடுப்பை அணைத்தேன். பாதி வெந்த பருப்பு அப்படியே நின்றது. ஜன்னலைத் திறந்தேன். மழைக் காற்று வந்தது. கோப்பையின் அடியில் தண்ணீர் விட்டேன். அவள் பெட்டியை விட்டுவிட்டு வாசலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் போன் இல்லை. நான் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் தள்ளினேன்.

சர் சர் என்று சத்தம் வந்தது. ஒரு பக்கம். திருப்பி மறுபக்கம். நகத்தில் வைத்துப் பார்த்தேன். இன்னும் ரெண்டு இழுப்பு.

"அம்மா" என்றாள். "ஏன்ம்மா செருப்பைக் கழட்டுற?"

ஒரு வருஷம் கழித்து முதல் தடவையாகக் கேட்கிறாள். வாய் மட்டும் கேட்கவில்லை. முகமும் கேட்டது. சொல்லியிருக்கலாம். பஸ், தூக்குவாளி, பித்தளைக் கத்தி, சிமெண்ட்டுப் படி, எல்லாம். விடிந்தால் அவளுக்கு ரயில். அந்தக் கத்தி அவள் பையில் போகும். வழியில் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டாலும் நல்ல பதிலாக ஒன்று அவளிடம் இருக்கும்.

"மறதி" என்றேன்.

அவள் வாசலை விட்டு நகரவில்லை. நான் கத்தியை ஈரம் போகத் துடைத்தேன். பேப்பரில் சுற்றினேன். அவள் கை நீட்டினாள். கையில் கொடுக்கவில்லை. குனிந்து, சத்தம் வராமல், மேசையில் வைத்தேன்.